தானாக எழும்பும் குரல்

சுற்றிக்கொண்டே இருக்கிறது. கறுப்புத் திரையில் அந்த வெள்ளைப் புள்ளிகள் ஒன்றின் பின் ஒன்றாக வட்டம் போடுகின்றன, எங்கேயும் போவதில்லை. பொத்தானை அழுத்திவிட்டுப் போய் அவருக்குக் கஞ்சியை ஆற்றி, ஊட்டி, வாயைத் துடைத்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாயிற்று, இன்னும் வட்டம்தான். பழைய கம்ப்யூட்டர், எங்களைப் போல என்று சொல்லத் தோன்றுகிறது, சொல்லக்கூடாது, நான் அப்படியொன்றும் பழசாகவில்லை, ஐம்பத்தொன்று ஒரு வயதா. விரல் இடுக்கில் கஞ்சியின் பிசுபிசுப்பு போகவில்லை. இன்றைக்கு இருமவில்லை அவர். நேற்று இருமியபோது மூக்கு வழியாக வந்துவிட்டது, கண்ணில் தண்ணீர் நிற்க என் பக்கமாக முகத்தைத் திருப்பினார், மன்னிப்புக் கேட்கிற மாதிரி. பார்வை போன கண்ணுக்குக் கூட எப்படி அப்படியொரு பாவம் வருகிறது. பதினோரு மணிக்கு நான் எடுக்கிற தமிழ் வகுப்பு. அதற்குள் இதை முடித்துவிட வேண்டும், இன்றைக்கு முடித்தே ஆகவேண்டும், செண்பகம் சொன்னதெல்லாம் மறந்துபோவதற்குள். இதோ, திரை வெளுக்கிறது. படங்கள் ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொள்கின்றன. இனி அது வரும். வந்துவிட்டது, ஏறுகிற நாலு சுரம், அதன் பின்னால் அந்தக் குரல், மூக்கடைத்த மாதிரி, மூச்சே விடாமல், காதில் மணல் கொட்டுகிற வேகத்தில். நான் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே கட்டில் கிறீச்சிடுகிறது. தலையை வாசல் பக்கமாகத் திருப்புகிறார். எழுந்து போய்ப் பார்க்க வேண்டியதில்லை, எனக்குத் தெரியும், தினமும் இப்படித்தான். "நாளைக்கு," என்கிறார் உள்ளேயிருந்து. "சரிங்க, நாளைக்கு உக்காரலாம்," என்கிறேன் நான்.

திரையில் இருப்பதையெல்லாம் அவருக்குப் படித்துக் காட்டுகிற அந்தக் குரலை அணைத்தாயிற்று. கீபோர்டில் அதை அணைக்கிற சாவி எனக்குத் தெரியும், அவர்தான் சொல்லிக்கொடுத்தார், கண் தெரியாதவர் கண் தெரிந்தவளுக்கு. ஆனால் ஒவ்வொரு நாளும் அது வந்த பிறகுதான் அணைக்க முடிகிறது. அது வருவதற்கும் போவதற்கும் நேரமாகிறது. திங்கட்கிழமை வகுப்பு நடுவில் கம்ப்யூட்டர் நின்றுபோய் மறுபடி போட்டபோது அது வகுப்புக்குள்ளேயே பேச ஆரம்பித்துவிட்டது. மெல்பர்னில் பள்ளிவிட்டு வந்து, சீருடை கூட மாற்றாமல், சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் உட்கார்ந்திருக்கிற ஒன்பது பிள்ளைகளுக்கும் கேட்டது. நான் சாவியைத் தேடித் தேடி அழுத்துகிறேன், அது என் கோப்புகளின் பெயரையெல்லாம் வாசிக்கிறது. பிள்ளைகள் சிரித்தார்கள். நேகா என்கிற பெண் அப்படியே அதன் குரலில் 'ழகரம் ளகரம்' என்று மூக்கால் பேசிக் காட்டினாள், நன்றாகவே பேசினாள், ஒரு மாதமாக அவள் வாயில் வராத ழகரம் அதைப் பரிகாசம் செய்யும்போது வந்தது. நானும் சிரித்தேன். அவர் கேட்டிருப்பார். சுவருக்கு அந்தப் பக்கம்தானே. சாயங்காலம் பிரமிளா பேசினாள், அங்கே இருந்துகொண்டு வகுப்புகளை ஒழுங்குசெய்கிறவள், கோபப்படத் தெரியாத பெண், அதனால்தான் அவள் சொல்வது அதிகமாகச் சுடுகிறது. "மங்கை மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. மூணு வாரமா நீங்க உள்ள வரதுக்கு லேட் ஆகுது. பேரன்ட்ஸ் கேக்கறாங்க. அடுத்த டெர்ம் போடறதுக்குள்ள கொஞ்சம் சரிபண்ணிட்டா நல்லாருக்கும்." சரிபண்ணிடறேன் என்றேன். அடுத்த டெர்ம் இல்லையென்றால் பிசியோதெரபி இல்லை, மாத்திரையில் பாதி இல்லை. அதைவிட, வெளியே சொல்லிக்கொள்ள முடியாத ஒன்று, அந்த ஒன்பது முகங்கள் இல்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதை நினைப்பதை விட்டு ரொம்ப காலம் ஆகிவிட்டது, இப்போது ஏன் வருகிறது.

செண்பகம் என் தங்கை, கோயம்புத்தூரில் பேங்க்கில் இருக்கிறாள், கம்ப்யூட்டர் அவளுக்குக் கரண்டி பிடிக்கிற மாதிரி. காலையில் போனில் கேட்டேன். புதுசு வாங்கு என்பாள் என்று நினைத்தேன், சொல்லவில்லை, என் நிலைமை தெரியும். "அக்கா, கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது அதோட சேந்து நாம கேக்காமலே பத்துப் பதினஞ்சு புரோகிராம் எழும்பி பின்னால ஓடிட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. அதான் இழுக்குது. டாஸ்க் மேனேஜர்ல ஸ்டார்ட்அப்னு ஒரு பக்கம் இருக்கும் பாரு. தேவையில்லாததையெல்லாம் டிசேபிள் பண்ணிவிடு." அழிஞ்சு போயிடுமா என்று கேட்டேன். "அழியாதுக்கா. அது பாட்டுக்கு உள்ள கிடக்கும். தானா எழும்பாது, அவ்ளோதான். வேணும்னா நீயே கூப்பிட்டுக்கலாம்." "அத்தான் எப்படி இருக்கார்?" என்றாள். இருக்கார் என்றேன். "அத்தானோட அந்தப் பேசற புரோகிராம்தான் இருக்கறதுலேயே கனமானது. அதை எடுத்தாலே பாதி சரியாயிடும்." "அக்கா?" என்றாள். குக்கர் விசில் வருது என்று சொல்லி வைத்துவிட்டேன். குக்கரே வைக்கவில்லை அப்போது. தேவையில்லாதது. அந்தச் சொல்லைச் சொன்னபோது அவள் ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை, பேங்க்கில் தினமும் யாருக்காவது சொல்கிற சொல். எனக்குத்தான் பல்லிடுக்கில் நார் மாட்டிக்கொண்ட மாதிரி நாக்கு அங்கேயே போகிறது.

பக்கம் திறந்துவிட்டது. இவ்வளவு பேரா இதற்குள். எல்லாம் இங்கிலீஷில், பக்கத்திலேயே எது எவ்வளவு இழுக்கிறது என்று ஒரு வார்த்தை, குறைவு, நடுத்தரம், அதிகம். பிரிண்டருக்கு ஒன்று. பிரிண்டரைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டு இரண்டு தீபாவளி ஆயிற்று, இது இன்னும் காலையில் எழுந்து அதைத் தேடிக்கொண்டிருக்கிறது. டிசேபிள். இவ்வளவு சுலபமா. தொலைந்துபோன போனுக்கு ஒன்று, அதையும் நிறுத்தினேன். பாட்டுக் கேட்கிற ஒன்று. இது என்ன, படம் வரைகிற மென்பொருளுடையது, புதுசு ஏதும் வந்திருக்கிறதா என்று தினமும் விசாரிக்கிறதாம். இதை யார் விட்டுவைத்தது. அவர் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவராக இருந்தார், தில்லை நகரில் ஒரு பொறியாளர் ஆபீஸில், முதலில் காகிதத்தில், பிறகு இதில். ராத்திரி சாப்பிட்ட பிறகும் கோடு இழுத்துக்கொண்டிருப்பார், நான் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பேன், யாரோ குடியிருக்கப் போகிற வீட்டின் சமையலறை எந்தப் பக்கம் என்று கேட்பேன். "நீ எங்க வைக்கச் சொல்ற?" என்பார். நான் சொன்ன இடத்தில் நிஜமாகவே வைத்த வீடு ஒன்று கே.கே. நகரில் இருக்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அந்த ஜன்னலைப் பார்ப்பேன், புகை படிந்திருக்கும், எனக்கு ஒரு கர்வம். பிறகு ஒருநாள் கோடு நெளிகிறது என்றார். திரையில் கோளாறு என்று ஆள் கூப்பிட்டுப் பார்த்தோம். திரையில் ஒன்றும் இல்லை. சர்க்கரை கண்ணுக்குப் போயிருந்தது. ஊசி, லேசர், மதுரைக்கு பஸ், கறுப்புக் கண்ணாடியோடு திரும்புகிற பஸ், ஜன்னலோரம் அவரை உட்காரவைத்து நான் வெளியே தெரிவதையெல்லாம் சொல்லிக்கொண்டு வருவேன். "விராலிமலை வந்துடுச்சா," என்று கேட்பார், வந்துவிட்டது என்றால் "மயில் இருக்கா பாரு," என்பார். மயில் இல்லாவிட்டாலும் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். டிசேபிள். இதற்கும் ஒரு நொடிதான்.

கடைசி வரிக்கு முந்தினது அது, அவருடைய பேசுகிற புரோகிராம். பக்கத்தில் 'அதிகம்' என்று போட்டிருக்கிறது. அம்புக்குறியை அதன்மேல் கொண்டுபோய் வைத்துவிட்டு மறுபடி மேலே ஏறுகிறேன், ஏற்கெனவே நிறுத்தினதையெல்லாம் சரிபார்ப்பவள் போல. முழுசாகப் பார்வை போன பிறகு ஒரு வருஷம் அவர் அந்தக் கட்டிலிலேயே கிடந்தார், இப்போது கிடக்கிற அதே கட்டில், ஆனால் அப்போது எழுந்திருக்க முடிந்தும் எழுந்திருக்கவில்லை. யாரோ சொல்லி பாலக்கரையில் பார்வையில்லாதவர்களுக்கான ஒரு கம்ப்யூட்டர் பயிற்சிக்குக் கூட்டிப் போனேன், வேண்டாவெறுப்பாக வந்தார், திரும்பி வரும்போது ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டு "அது எல்லாத்தையும் படிச்சுக் காட்டுது மங்கை," என்றார், ஐம்பது வயது மனுஷன், குரல் நடுங்கிற்று. அன்றிலிருந்து இந்த வீட்டில் அந்தக் குரல். முதலில் எனக்கும் புரிகிற வேகத்தில் பேசியது. என் பெயரை மங்கை-யர்க்-கர-சி என்று நாலு துண்டாக வெட்டிச் சொல்லும், அவர் அதையே திரும்பத் திரும்பச் சொல்லவைத்துக் கண்ணில் நீர் வரச் சிரிப்பார். பிறகு வேகத்தைக் கூட்டினார், இன்னும் கூட்டினார், ஒரு கட்டத்தில் எனக்கு ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. அவருக்கு மட்டும் புரிந்தது. செய்தி, கதைப் புத்தகம், பஹ்ரைனில் இருக்கிற பால்ய சிநேகிதன் ஜெயசீலனோடு சண்டை, எல்லாம் அந்த மணல் கொட்டுகிற சத்தத்தில். என் வீட்டுக்குள்ளேயே எனக்குத் தெரியாத பாஷையில் இரண்டு பேர் பேசிக்கொள்கிற மாதிரி இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆத்திரம் வந்திருக்கிறது அதன் மேல். சாப்பிடக் கூப்பிட்டால் கையை உயர்த்திக் காட்டுவார், இரு, அது பேசிக்கொண்டிருக்கிறது என்று. பேசினதோடு எழுதவும் எழுதினார். மாநகராட்சிக்கு மனு மேல் மனு, எங்கள் மூன்றாவது குறுக்குத் தெருவில் விளக்கு எரியவில்லை என்று. ஒருநாள் ஒரு அதிகாரி நேரிலேயே வந்துவிட்டார், கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துத் திகைத்துப்போய் நின்றார். "சார், லைட் எரியலன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். "தடுக்கி விழற சத்தம் கேக்குதே சார்," என்றார் இவர். நான் சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். விளக்கு வந்தது. பூக்காரம்மா வந்து "ஐயா புண்ணியத்துல வெளிச்சம்," என்றபோது அவர் முகம் மலர்ந்த விதம். அந்த முகத்தை நான் எங்கே வைத்திருக்கிறேன், கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறது, இப்போதைய முகம் முன்னால் வந்து மறைக்கிறது, வலது பக்கம் வாய் இறங்கின முகம்.

தை மாசத்தில் ஒரு விடிகாலை. பல் தேய்க்கப் போனவர் வரவில்லை. குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, நான் அதைத்தான் முதலில் நிறுத்தினேன், அவரைப் பார்த்த பிறகும் குழாயைத்தான் முதலில் நிறுத்தினேன், ஏன் என்று தெரியவில்லை. வலது கை, வலது கால், பேச்சு. பேச்சு கொஞ்சம் திரும்பியது, ஒவ்வொரு சொல்லாக, கிணற்றிலிருந்து வாளி ஏறுகிற மாதிரி. என்னைத் தெரிகிறது, பசி தெரிகிறது, வெட்கம் தெரிகிறது. அது போதும் என்று ஆஸ்பத்திரியில் வேண்டிக்கொண்டேன், அது போதாது என்று வீட்டுக்கு வந்ததும் தெரிந்தது. சித்திரையில் ஒருநாள் அவரே "உக்காரணும்," என்றார். நான் துள்ளிக்கொண்டு ஓடினேன். நாற்காலியில் உட்காரவைத்து, வலது பக்கம் சரியாமல் இருக்க என் பழைய புடவையால் இடுப்பைச் சுற்றிக் கட்டி, இடது கையைத் தூக்கிக் கீபோர்டில் வைத்தேன். விரல்கள் மேட்டைத் தேடின, இரண்டு சாவியில் மட்டும் சின்ன மேடு இருக்குமே, அது கிடைக்கவில்லை, எங்கெங்கோ அழுத்தினார், குரல் தொடர்பில்லாத எழுத்துகளாகக் கத்தியது. நான் மவுஸைப் பிடித்து ஜெயசீலனிடமிருந்து வந்திருந்த கடிதத்தைத் திறந்துவிட்டேன். வேகத்தைக் குறைத்திருந்தேன், எனக்குப் புரிகிற அளவுக்கு. அவர் முகம் சுருங்கியது. "வேகம்," என்றார். "வேகமா." பழைய வேகத்தில் வைத்தேன். மணல் கொட்டியது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார், பழையபடி, அச்சு அசல் பழையபடி. நான் திரையில் கண்ணால் படித்துக்கொண்டிருந்தேன். ஜெயசீலனின் அம்மா இறந்துபோயிருந்தார். இவர் புதுக்கோட்டையில் படித்த காலத்தில் அந்த அம்மா கையால் சாப்பிட்டு வளர்ந்தவர், தன் அம்மாவைப் பற்றிப் பேசியதைவிட அவரைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். கடைசியில் உன்னைத்தான் கேட்டாங்கடா என்று எழுதியிருந்தான். குரல் நின்றது. அவர் சிரித்தார். இறங்கின வாயால், பெருமையாக, தலையை ஆட்டிக்கொண்டு. "நல்லா… இருக்கான்," என்றார்.

ஆமாங்க என்றேன் நான். வேறு என்ன சொல்வது. அவருக்குப் புரியவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. அப்படித்தான் இத்தனை மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். கட்டிலில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தபோது கண்ணை மூடிக்கொண்டார், மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான் அவருக்கு, ஆனாலும் மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு உட்காரணும் என்று கேட்கவில்லை. காலையில் குரல் வரும், தலை திரும்பும், நாளைக்கு என்பார், சரிங்க என்பேன். எங்களுக்குள் அவ்வளவுதான் அதைப் பற்றி. சில நாள் அந்த நேரத்தில் அவருடைய இடது கை விரல்கள் போர்வைமேல் தட்டுவதைப் பார்த்திருக்கிறேன். என்ன எழுதுகிறார். யாருக்கு. இதை நான் நிறுத்தினால் காலையில் குரல் வராது. வராவிட்டால் அவர் என்ன நினைப்பார். இனிமேல் நீ எழுந்திருக்கப் போவதில்லை என்று நான் முடிவு பண்ணிவிட்டேன் என்று நினைப்பார். முடிவு பண்ணிவிட்டேனா. டாக்டர் பண்ணிவிட்டார், அந்த பிசியோதெரபிப் பெண் கூட அவர் கையைத் தூக்கும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. நான் மட்டும்தான் பாக்கி. வேண்டாம், விட்டுவிடலாம், பிரமிளாவிடம் இன்னும் ஒரு வாரம் கேட்கலாம். கேட்டு? ஒரு வாரம் கழித்து இதே நாற்காலியில் இதே வரியைப் பார்த்துக்கொண்டு. முன்கூட்டியே கம்ப்யூட்டரைப் போட்டு வைத்தால் என்ன, அவரைக் குளிப்பாட்டுவதற்கு முன்னால்? போட்டுப் பார்த்தேனே, நடுவில் தானாக நின்றுபோகிறதே. காதைப் பொத்திக்கொள்ளச் சொல்லிப் பிள்ளைகளிடம் சொல்லலாமா, என்ன பைத்தியக்கார யோசனை. அவரிடமே கேட்டால்? ஏங்க, இதை எடுத்துடட்டுமா? வாளி ஏறி ஏறி, பாதியில் அவர் வாய் கோணி, சரி என்பார். எப்போதும் எனக்கு எது சௌகரியமோ அதற்குச் சரி என்கிற மனுஷன். அதைக் கேட்டு வாங்க என்னால் முடியாது. இதையெல்லாம்விட பயமாக இருப்பது வேறொன்று. திங்கட்கிழமை பிள்ளைகள் சிரித்தபோது, இந்தக் குரல் ஒழிந்தால் தேவலை என்று ஒரு கணம் நினைத்தேன். குரலை மட்டும்தான் நினைத்தேன். அதை மட்டும்தான். கடிகாரம் பத்தரை காட்டுகிறது. விரல் அழுத்திவிட்டது, நான் சொல்லாமலே அழுத்தின மாதிரி இருந்தது, ஆனால் என் விரல்தான். அந்த வரி சாம்பல் நிறமாயிற்று. மறுபடி தொடங்கு என்பதையும் கையோடு அழுத்தினேன், யோசித்தால் திருப்பி வைத்துவிடுவேன் என்று.

அணைந்தது. கறுப்பு. வெள்ளைப் புள்ளிகள் வட்டம் போட்டன, ஆனால் நான் எழுந்து சமையலறைக்குப் போகும் முன்பே திரை வெளுத்துவிட்டது, செண்பகம் சொன்னது சரிதான், படங்களெல்லாம் ஒரேயடியாக வந்து விழுந்தன. நான் காத்திருந்தேன். வராது என்று தெரிந்தும் அந்த நாலு சுரத்துக்காகத் தோளை இறுக்கிக்கொண்டு காத்திருந்தேன். தெருவில் ஒரு ஸ்கூட்டர் போயிற்று. மேல்மாடியில் யாரோ கட்டில் நகர்த்தினார்கள். இவ்வளவு சத்தம் இருக்கிறதா இந்த வீட்டைச் சுற்றி, இத்தனை நாள் எங்கே போயிருந்தது. உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. நான் கம்ப்யூட்டரை நிறுத்தியதும் மறுபடி போட்டதும் அவருக்குத் தெரியும், அதன் விசிறி உறுமுகிற சத்தம் அவர் காதுக்குத் தப்பாது. அவரும் காத்திருந்திருக்கிறார். பிறகு, "மங்கை," என்றார். போனேன். வாசல் நிலையில் கை வைத்துக்கொண்டு நின்றேன். தலை என் பக்கம் திரும்பியிருந்தது. "கரண்ட்…" என்றார், அடுத்த சொல்லுக்காகத் தொண்டை ஏறி இறங்கியது. "கரண்ட்… இல்லையா?" நான் வாயைத் திறந்தபோது உண்மையைச் சொல்லத்தான் திறந்தேன். "இல்லைங்க," என்றேன். "இப்பதான் போச்சு." சொல்லி முடித்த பிறகுதான் அண்ணாந்து பார்த்தேன். அவருக்கு நேர் மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது, அவர் நெற்றியில் நரைமுடி பறந்தது, மாத்திரை அட்டை மேஜையில் படபடத்தது. சுவிட்ச் என் கைக்கு எட்டுகிற தூரம்தான். நான் அதைத் தொடவில்லை, தொட்டால் அந்தச் சத்தமும் அவருக்குக் கேட்கும். அவர் முகத்தைக் காற்றுக்குக் காட்டியபடி படுத்திருந்தார். இறங்கின வாய் ஒருமுறை அசைந்து நின்றது. "சரி," என்றார் கடைசியில், மெல்ல. இடது கையால் போர்வையின் ஓரத்தைத் தேடினார், கிடைக்கவில்லை. "காத்து… ஜாஸ்தி," என்றார். "போத்தி… விடு." நான் கிட்டே போய், காலடியில் சுருண்டு கிடந்த போர்வையை இழுத்து, நெஞ்சுவரை போர்த்திவிட்டேன்.